எட்டு அங்குலப் பூக்கல்லுக்கு ஓர் அச்சு: ஃப்ரீகேடில் என் முதல் மாடல்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீடு. உள்முற்றமான வளவைச் சுற்றி ஓடும் நடையில் பதித்த, ஆத்தங்குடியில் கையால் போடும் சிமெண்டுப் பூக்கற்களில் சில உடைந்துவிட்டன. முழுத் தளத்தையும் பெயர்த்து வேறு கல் போட அந்த வீட்டு ஆச்சிக்கு மனமில்லை. உடைந்த இடத்துக்கு மட்டும் அதே பூ வேண்டும். ஆத்தங்குடியில் கேட்டபோது, கல் போட்டுத் தரலாம், ஆனால் அந்தப் பூவுக்கு அச்சு இல்லை என்றார்கள். தகட்டை வளைத்துப் பற்றவைத்துப் புது அச்சு செய்ய ஆள் பிடிக்க வேண்டும். கொஞ்சக் கற்களுக்காக அதைச் செய்தால் கட்டுபடியாகாது.

அந்த அச்சைக் கணினியில் மாடல் செய்து முப்பரிமாண பிரின்டரில் எடுத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். நான் படித்தது வணிகவியல். இன்ஜினியரிங் டிராயிங் பலகை முன் நின்றவனில்லை, கணினியில் அளவோடு வடிவம் வரையும் கேட் (CAD) மென்பொருளை அதுவரை திறந்ததும் இல்லை. என்னைப் போலத் தொடங்குகிறவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். மென்பொருளில் உள்ள பொத்தான்களை வரிசையாகக் கற்க முயன்றால் ஆர்வம் சீக்கிரம் வடிந்துவிடும். கையில் எடுத்து அளக்கக்கூடிய, உண்மையாகவே தேவைப்படும் ஒரு பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அது கேட்கும் கட்டளைகளை மட்டும் கற்றால் முதல் மாடலுக்குப் போதும்.

அச்சு செய்யும் வேலை

பூக்கல் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் அச்சை வரைய முடியாது. அதனால் கணினியைத் தொடும் முன் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

சமமான கண்ணாடித் தகட்டின் மேல் சதுர இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் அச்சு உட்காரும். மெல்லிய தகட்டுச் சுவர்களால் ஆன அறைகள், அவ்வளவுதான் அது. ஒவ்வொரு அறைக்கும் உரிய கலர் சிமெண்டுக் கலவையைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்கினால் சுவர் இருந்த இடத்தை இருபக்கக் கலவையும் வந்து மூடிக்கொள்ளும். இரண்டு நிறங்களும் ஒரு கோட்டில் சந்தித்து நிற்கும். அதன் மேல் ஈரமில்லாத மணலும் சிமெண்டும் கலந்த தூளைத் தூவுகிறார்கள். கலரில் மிஞ்சிய தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஈரக் கலவையை நிரப்பி, கரணையால் அழுத்திச் சமப்படுத்துகிறார்கள். கல் இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் பதப்படுத்துவார்கள். கண்ணாடியை விட்டுப் பிரியும்போது கல்லின் முகத்தில் அந்தப் பளபளப்பு தங்கிவிடும். சூளையும் கிடையாது, பாலிஷ் இயந்திரமும் கிடையாது.

இதிலிருந்து என் மாடலுக்கு மூன்று விதிகள் கிடைத்தன. கண்ணாடியைத் தொடும் முனையில் சுவர் முடிந்தவரை மெலிதாக இருக்க வேண்டும். தடித்த சுவரை எடுத்தால் பெரிய இடைவெளி விழும், கலவை அதை மூட ஓடும்போது கோடு நெளியும். அடுத்து, தூக்கும்போது சுவர் கலவையை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. கடைசியாக, அச்சு முழுவதும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி, கேட்கும்போது சொல்லவே தேவையில்லாத ஒன்றாகத் தோன்றும். கணினியில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது அதுதான்.

மென்பொருள்

பல மென்பொருள்களை ஒப்பிட்டுக் காலம் கழிக்கவில்லை. டிங்கர்கேட் பிரவுசரிலேயே ஓடும், குழந்தைகளுக்குக்கூட எளிது. ஆனால் ஒரு அளவை மாற்றினால் மற்றவை அதற்கேற்ப மாற வேண்டும் என்ற என் தேவைக்கு அது போதாது. பிளெண்டர் சிற்பம் போன்ற உருவங்களுக்கு அருமையானது, மில்லிமீட்டர் கணக்குக்கு அது முதல் தேர்வு அல்ல. ஃப்யூஷனின் தனிநபர் உரிமம் இலவசம்தான், ஆனால் ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தக்கூடிய நிலையில் வைத்திருக்கலாம். ஃப்ரீகேட் முழுக்க இலவசம், திறமூலம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2002-இல் தொடங்கிய திட்டம், 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. என் பழைய மடிக்கணினியில் அது தடங்கலின்றி ஓடுகிறது. சக்கரம் வைத்த மவுஸ் மட்டும் கட்டாயம் வாங்குங்கள். டச்பேடில் மாடலைச் சுழற்றிப் பார்ப்பது கைக்கும் பொறுமைக்கும் கேடு.

அளவெடுப்பு

ஆத்தங்குடிக் கல்லின் முகம் வழவழப்பானது, பூவின் கோடு மேடாகத் தட்டுப்படாது. அதனால் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் முறை இங்கே உதவாது. கண்ணாடி போன்ற ஓ.எச்.பி. ஷீட்டைக் கல் மேல் ஒட்டி, மெல்லிய மார்க்கரால் கோடுகளைப் பிரதி எடுத்தேன். அதோடு நேர் மேலிருந்து ஒரு புகைப்படம். போனை முடிந்தவரை உயரத்தில் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள். அருகிலிருந்து எடுத்தால் ஓரங்கள் வளைந்து விழும்.

கல் 8 அங்குலம், அதாவது 203.2 மி.மீ. பூ இப்படி இருந்தது: நடுவில் ஒரு சிறு வட்டம், அதிலிருந்து எட்டுத் திசையிலும் எட்டு இதழ்கள், இரண்டு இதழ்களுக்கு இடையே ஒரு பொட்டு, நான்கு மூலைகளிலும் கால்வட்டம். நான்கு கற்களைச் சேர்த்து வைத்தால் மூலைக் கால்வட்டங்கள் கூடி ஒரு முழு வட்டமாகும். தளத்தில் நடக்கும்போது கண்ணில் முதலில் படுவது அந்தப் பெரிய வட்டம்தான். அது தனியொரு கல்லில் எங்குமே இல்லை.

ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு கல்லை அளந்தாப் போதுமா தம்பி?" என்று கேட்டார். "போதாது ஆச்சி, கையால போட்ட கல்லு, ஒண்ணுக்கொண்ணு மாறும்" என்றேன். உண்மையில் மாறியது. இதழின் அகலம் கல்லுக்குக் கல் ஒரு மில்லிமீட்டர் வரை கூடக்குறைய இருந்தது. பல கற்களை அளந்து பொதுவான அளவை எடுத்துக்கொண்டேன். இதழ் மையத்திலிருந்து 17 மி.மீ. தொலைவில் தொடங்கி 84-இல் முடிகிறது, நடுவே அகலம் 26. மூலை வட்டத்தின் ஆரம் 60.

புகைப்படத்தை ஃப்ரீகேடுக்குள் நேரடியாகக் கொண்டுவரலாம். படத்தில் இரண்டு புள்ளிகளைத் தொட்டு, இவற்றுக்கிடையே இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டால் படம் உண்மையான அளவுக்கு வந்துவிடும். அதை அடியில் விரித்துவைத்தேன், ஆனால் அதன் மேல் நகலெடுக்கவில்லை. அளவுகளை வைத்து வரைந்துவிட்டு, படத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க மட்டுமே பயன்படுத்தினேன். படத்தின் மேல் கோடு போட்டால் அந்த ஒரு கல்லின் கைப்பிசகும் மாடலுக்குள் வந்துவிடும்.

ஒரு இதழ்

ஃப்ரீகேடில் நமக்கு வேண்டிய இடம் பார்ட் டிசைன் என்ற ஒர்க்பெஞ்ச், அதாவது ஒரு வேலைக்கான கருவிகளின் தொகுப்பு. அதில் பாடி என்று ஒன்றை உருவாக்கி, அதற்குள் ஒரு தளத்தில் ஸ்கெட்ச் என்ற தட்டையான கோட்டுப்படத்தை வரைகிறோம். ஸ்கெட்ச்சுக்கு உயரம் கொடுத்துத் தூக்கினால் திடப்பொருள். அடிப்படை இவ்வளவே.

ஸ்கெட்ச் வரைவதுதான் கேட் மாடலிங்கின் உயிர், அதனால் இங்கே நிதானமாகப் போகிறேன். தாளில் வரையும்போது கை எங்கே போகிறதோ அங்கே கோடு விழும், அத்தோடு முடிந்தது. கேடில் முதலில் தோராயமாக வரைகிறோம். பிறகு கோடுகளுக்கு இடையே உள்ள உறவுகளைச் சொல்கிறோம்: இந்த முனையும் அந்த முனையும் ஒன்று, இந்தப் புள்ளி இந்தக் கோட்டின் மேல் இருக்கிறது, இந்த இரண்டு வில்லுக்கும் ஆரம் சமம். ஒவ்வொரு உறவைச் சொல்லும்போதும் வடிவம் அசைவதற்கு இருக்கும் வழிகளில் ஒன்றோ இரண்டோ அடைபடுகின்றன. எல்லா வழியும் அடைபட்டதும் கோடுகள் பச்சையாக மாறும். ஃப்ரீகேடில் இந்தப் பச்சை நிறத்தைப் பார்க்காமல் ஸ்கெட்ச்சை மூடாதீர்கள்.

இதழையே எடுத்துக்கொள்வோம். எதிரெதிராக வளைந்த இரண்டு வில்கள். ஒரு வில்லை முழுதாக விவரிக்க ஐந்து எண்கள் வேண்டும்: மையத்துக்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று, தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும். இரண்டு வில்லுக்குப் பத்து. முனைகளை இணைத்தால் இரு முனையிலும் இரண்டிரண்டாக நான்கு போய் ஆறு மிஞ்சும். இரண்டு முனைகளையும் கிடைக்கோட்டின் மேல் வைத்தால் நான்கு. ஆரங்கள் சமம் என்றால் மூன்று. தொடக்கம் 17, முடிவு 84 என்றால் ஒன்று. மிச்சமிருப்பது இதழின் அகலம். வில்லின் உச்சியில் ஒரு துணைப் புள்ளி வைத்து, கோட்டிலிருந்து அதன் உயரம் 13 என்றேன். பச்சை. வில்லின் ஆரம் என்ன என்று நான் சொல்லவே இல்லை, அதுவே 49.66 என்று கணக்கிட்டுக்கொண்டது. நான் அளக்க முடிந்தது நீளமும் அகலமும்தான். அளக்க முடியாத ஆரம் அவற்றிலிருந்து தானாக வந்தது. மாடலிங் எதற்கு என்று எனக்குப் பிடிபட்ட இடம் இது.

இந்த யோசனை புதிதும் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 1963-இல் தன் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே இப்படி உறவுகளைச் சொல்லி வடிவத்தைக் கட்டிப்போட முடிந்தது. டி.எக்ஸ்-2 என்ற கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரைந்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் நாம் மவுஸால் செய்வதும் அடிப்படையில் அதே காரியம்தான்.

இதழ் ஒரு சுவர், நிரம்பிய பலகை அல்ல. அதனால் வெளிக்கோட்டுக்கு உள்ளே 1.6 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு வேண்டும். ஸ்கெட்ச்சுக்குள்ளேயே ஆஃப்செட் கருவி 1.0 பதிப்பில் இருக்கிறது. அது போதும்.

மெலியும் சுவர்

பேட் என்ற கட்டளை ஸ்கெட்ச்சைத் தூக்கித் திடப்பொருளாக்கும். உயரம் 20 மி.மீ. கொடுத்தேன். சுவர் மேலே 1.6, கண்ணாடியைத் தொடும் கீழ்முனையில் 0.8 என்று ஆப்பு வடிவில் இருந்தால், மேலே தூக்கிய அந்தக் கணமே கலவையை விட்டு விலகிவிடும். ஒரு பக்கத்துக்கு 0.4 மி.மீ. குறைய வேண்டும், அதுவும் 20 மி.மீ. உயரத்துக்குள். கோணம் சுமார் 1.15 டிகிரி. பேட் கட்டளையிலேயே சரிவுக் கோணம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே கழித்தல் குறியோடு 1.15 போட்டால் தூக்கத் தூக்க மெலியும். உள்ளே இருக்கும் துளைக்கு மென்பொருள் அதே கோணத்தை எதிர்த்திசையில் எடுத்துக்கொள்ளும். வெளிச்சுற்று சுருங்க, உள்சுற்று விரியும். வார்ப்பு வேலைக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே.

அச்சைத் தலைகீழாக மாடல் செய்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தடித்த பக்கம் கீழே, மெல்லிய பக்கம் மேலே. பிரின்டரும் அப்படியே தலைகீழாகத்தான் எடுக்கும். அகலமான பக்கம் பிரின்டர் தட்டில் நன்றாக ஒட்டி நிற்கும். முதல் லேயர் அழுந்தி சற்றுப் பிதுங்கினாலும் அது அச்சின் மேற்புறம், கல்லின் கோட்டைப் பாதிக்காது.

சரிவோடு தூக்கும்போது ஒரு விஷயம் உண்டு. மூலைக் கால்வட்டம் போல இரு முனைகளில் முடியும் சுவர் என்றால், பக்கங்கள் மட்டுமல்ல, வெட்டு முனைகளும் சேர்ந்தே சரியும். அச்சின் வெளிச்சட்டத்தைத் தொட்டு நிற்க வேண்டிய முனை, உயரம் போகப் போகப் பின்வாங்கி இடைவெளி விடும், அந்த இடைவெளி வழியாக ஒரு நிறம் அடுத்த அறைக்குள் கசியும். இதற்காகக் கால்வட்டத்தின் முனைகளைச் சட்டத்தின் சுவருக்குள் ஒரு மில்லிமீட்டர் நீட்டி வரைந்தேன். மூலை வட்டத்தின் மையத்தையும் அச்சின் மூலையில் வைக்கக் கூடாது, கல்லின் மூலையில் வைக்க வேண்டும். அச்சு 202.4 மி.மீ. சதுரம், இரும்புச் சட்டத்துக்குள் எளிதாக இறங்கப் பக்கத்துக்கு 0.4 விட்டிருக்கிறது. கற்களை இடைவெளி விடாமல் ஒட்டித்தான் பதிக்கிறார்கள் என்பதால் மையம் கல்லின் மூலையில் இருந்தால்தான் நான்கு கற்கள் கூடி உண்மையான வட்டம் வரும்.

ஒரே துண்டு

இதழ் ஒன்று போதும். போலார் பேட்டர்ன் என்ற கட்டளை அதை மையத்தைச் சுற்றி எட்டாக்கிவிடும். ஆனால் தனி இதழிலிருந்து தொடங்கினால் ஃப்ரீகேட் ஒப்பாது. பாடிக்குள் இருப்பது எப்போதும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே திடப்பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் நியதி. தொடாத எட்டு இதழ்களைக் கேட்டால் பிழைச்செய்தி வரும். 1.0-இல் இந்த நியதியைத் தளர்த்தும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை, தொடங்குகிறவர்களும் தொட வேண்டாம் என்பேன். நம் அச்சும் ஒரே துண்டாகத்தானே இருக்க வேண்டும்? மென்பொருள் மறுக்கும் இடமெல்லாம், நிஜ அச்சில் ஒரு துண்டு கழன்று விழப்போகும் இடம்.

ஆகவே கோலம் போடுவது போல நடுவிலிருந்து வெளியே போனேன். முதலில் மைய வட்டம், வெளி ஆரம் 18. அடுத்து ஒரு இதழ். அதன் நுனி 17-இல் தொடங்குவதால் வட்டச் சுவருக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை எட்டாக்கியது. எல்லாமே வட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மறுப்பு இல்லை. அடுத்து மூலைக் கால்வட்டம், மூலைவிட்டத்தில் இருக்கும் இதழின் நுனியைத் தொட்டபடி. அதையும் நான்காக்கியது. கடைசியாக வெளிச்சட்டம். இந்த வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது மிகவும் உதவியது. கேடில் எதை முதலில் செய்கிறோம் என்பது மாடலின் ஒரு பகுதி. இடதுபுறம் மரம் போல நீளும் பட்டியலில் அந்த வரிசை அப்படியே நிற்கும், பின்னால் எப்போது வேண்டுமானாலும் நடுவில் போய் ஒரு எண்ணை மாற்றலாம்.

பொட்டுகள் எதையும் தொடாமல் இதழ்களுக்கு இடையே தனித்து நிற்கின்றன. கல்லில் அது அழகு, அச்சில் அது சிக்கல். தகட்டு அச்சு செய்கிறவர்கள் இத்தகைய தனி அறைகளை மேற்புறத்தில் ஒரு பட்டையால் பிடித்துப் பற்றவைக்கிறார்கள். பட்டறையில் கிடந்த வேறொரு அச்சில் அதைப் பார்த்திருந்தேன், அதையே எடுத்துக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்து இதழ்களை இணைக்கும் பட்டை ஒன்று, அகலம் 3 மி.மீ., உயரம் 4. அதன் நடுவில் பொட்டின் வளையம் தொங்கும். பட்டையை முதலில் செய்து, வளையத்தைப் பிறகு சேர்த்து, இரண்டையும் சேர்த்து எட்டாக்கினேன். அச்சைத் திருப்பி வைத்தால் பட்டை கண்ணாடியிலிருந்து 16 மி.மீ. மேலே நிற்கும். கலர் ஊற்றுவது சில மில்லிமீட்டர் ஆழம்தான் என்பதால் கலவை அதைத் தொடாது. மெல்லிய சுவர்கள் ஆடாமல் இருக்கவும் அந்தப் பட்டைகள் உதவின.

எண்களை ஒரே இடத்தில்

ஃப்ரீகேடுக்குள்ளேயே ஒரு கணக்குத்தாள் உண்டு. கல்லின் பக்கம், சுவரின் தடிமன், உயரம், மூலை ஆரம், இதழின் நீள அகலம் எல்லாவற்றையும் அதில் எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கொடுத்தேன். ஸ்கெட்ச்சில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை எழுதினால் போதும். இதழின் வெளிமுனையை 84 என்று நேராக எழுதாமல் ஒரு சூத்திரமாக வைத்தேன்: கல்லின் பக்கத்தை 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் மையத்திலிருந்து மூலைக்கான தூரம் 143.68. அதில் மூலை ஆரம் 60-ஐக் கழித்து, சுவருக்குள் புக 0.3 கூட்ட வேண்டும். இனி மூலை வட்டத்தைப் பெரிதாக்கினால் இதழ் தானே சுருங்கித் தொட்டுக்கொண்டு நிற்கும்.

முதல் மாடலுக்கே இவ்வளவு வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும் என்றே சொல்வேன். காரணம் பட்டறையில் தெரிந்தது.

பிரின்ட்

பிரின்டர் எனக்குத் தெரிந்த ஒருவருடையது, தட்டின் அளவு 220க்கு 220 மி.மீ. எட்டு அங்குல அச்சு மட்டுமட்டாக அடங்கும். பிளாஸ்டிக் வழியும் நாசிலின் துளை 0.4 மி.மீ. என்பதால் 0.8 சுவர் இரண்டு கோடு, 1.6 நான்கு கோடு. மாடலை அடுக்கடுக்காகப் பிரித்து பிரின்டருக்குச் சொல்லும் மென்பொருள் ஸ்லைசர். இடையில் வரும் 1.1, 1.3 போன்ற தடிமன்களைப் பழைய ஸ்லைசர்கள் சரியாக நிரப்பாது. இப்போது குராவிலும் புரூசாஸ்லைசரிலும் இருக்கும் அராக்னே என்ற முறை கோட்டின் அகலத்தையே கூட்டிக் குறைத்து நிரப்பிவிடுகிறது. மெலியும் சுவருக்கு அது அவசியம்.

பிளாஸ்டிக்கில் பி.எல்.ஏ. மலிவு, பிரின்ட் எடுக்கவும் எளிது. ஆனால் 60 டிகிரி வாக்கிலேயே அது இளகத் தொடங்கிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சிமெண்டு முற்றத்தில் கிடந்தாலோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருந்தாலோ அச்சு நெளிந்துவிடும். பி.இ.டி.ஜி. ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும். அதைத்தான் எடுத்தேன்.

மாடலை பிரின்டருக்கான கோப்பாக ஏற்றுமதி செய்வது பற்றி ஒரு குறிப்பு. எஸ்.டி.எல். கோப்பில் அலகு என்பதே கிடையாது, வெறும் எண்கள்தான். அது மில்லிமீட்டரா அங்குலமா என்று கோப்புக்குத் தெரியாது. 3எம்.எஃப். வடிவத்தில் அலகும் சேர்ந்து போகும். ஃப்ரீகேட் இரண்டையும் தரும். 3எம்.எஃப். நல்லது.

பட்டறையில்

கல் போடும் அண்ணன் அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுவரை விரலால் நெருடினார், சட்டத்துக்குள் இறக்கிப் பார்த்தார். "எடை இல்லையே தம்பி. கலவை ஊத்துனா மிதக்காது?" என்றார். நல்ல கேள்வி. தகட்டு அச்சு தன் கனத்தாலேயே கண்ணாடியில் அழுந்தி நிற்கும், பிளாஸ்டிக் நிற்காது. ஊற்றும்போது ஒரு கையால் சட்டத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கலவை அடியில் கசியவில்லை. தூக்கியபோது சுவர்கள் சுத்தமாக விலகின. அந்த 1.15 டிகிரி தன் வேலையைச் செய்தது.

அவர் சொன்ன குறைகள் இரண்டு. "இதழ் நுனியில கலவை தங்குது பாருங்க. இவ்வளவு கூரா இருக்கக் கூடாது. தகட்டை வளைச்சா நுனி கொஞ்சம் உருண்டுதானே நிக்கும்?" பழைய கல்லோடு வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்தக் கல்லிலும் இதழ் நுனி ஊசியாக இல்லை, லேசாக உருண்டிருக்கிறது. தகட்டின் குணம் பூவின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது. இன்னொன்று பிடி. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஒரு பக்கம் முந்தும், கோடு இழுபடும். நடுவில் பிடித்து நேராகத் தூக்க வேண்டும்.

நுனியை உருட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. இதழின் ஸ்கெட்ச்சைத் திறந்து, உள்கோட்டின் நுனிகளில் 2 மி.மீ. ஆரத்தில் ஃபில்லட் போட்டு மூடினேன். எட்டு இதழும் ஒன்றாக மாறின. இத்தகைய உருட்டலைத் தூக்கிய திடப்பொருளின் விளிம்பில் போடாமல் ஸ்கெட்ச்சிலேயே போடுவது நல்லது. திடப்பொருளின் விளிம்புகளை மென்பொருள் உள்ளே எண் வைத்து அடையாளம் காண்கிறது. முந்தைய படியை மாற்றினால் அந்த எண்கள் புரண்டு, ஃபில்லட் வேறு விளிம்புக்குத் தாவலாம், அல்லது பிழையாகி நிற்கலாம். 1.0 பதிப்பில் இந்தப் பழைய தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது. இருந்தாலும் ஸ்கெட்ச்சில் முடியும் வேலையை ஸ்கெட்ச்சிலேயே முடிப்பது என் வழக்கமாகிவிட்டது.

பிடியை அச்சோடு சேர்த்தே எடுக்க முடியாது. மேற்புறம் பிரின்டர் தட்டில் படுத்திருக்கிறது, அதற்கும் கீழே ஒன்றும் நீள முடியாது. அதே கோப்பில் இரண்டாவது பாடியாகப் பாலம் போன்ற ஒரு பிடியை மாடல் செய்து, தனியாக பிரின்ட் எடுத்து, அச்சின் வெளிச்சட்டத்தின் இரு எதிர்ப்பக்கங்களில் எம்3 (3 மி.மீ.) திருகால் மாட்டினேன். திருகுக்கு இடம் தர அந்த இரு பக்கச் சுவரிலும் மேற்புறம் உட்பக்கமாகச் சிறு காது வைக்க வேண்டியிருந்தது. கரண்டி உள்ளே போய்வரத் தடங்கல் இல்லாமல் பாலத்தை உயர்த்தி வளைத்தேன். அண்ணன் அடுத்துப் போட்ட கல்லில் கோடுகள் நன்றாகவே வந்தன. ஆச்சி அதைப் பழைய கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பூ சரியா இருக்கு. பச்சைதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு, அதைக் குறைக்கச் சொல்லுப்பா" என்றார். பச்சைக்கு என் மாடலில் மருந்து இல்லை, கலவை அண்ணனின் கையில்.

அண்ணன் இப்போது கேட்பது 10 அங்குலக் கல்லுக்கு இதே பூ. ஸ்லைசரில் 125 சதவீதம் பெரிதாக்கினால் போதாதா என்று பிரின்டர்காரர் கேட்டார். போதாது. சுவரும் கூடவே தடித்து 0.8 என்பது 1.0 ஆகும், 1.6 என்பது 2.0 ஆகும், கல்லில் கோடு கெடும். கணக்குத்தாளில் கல்லின் பக்கத்தை 254 ஆக்கி, மூலை ஆரத்தை 75 ஆக்கி, இதழின் அளவுகளையும் அதே விகிதத்தில் கூட்டி, சுவரை மட்டும் அப்படியே விட்டேன். பூ வளர்ந்தது, சுவர் வளரவில்லை.

ஆனால் 254 மி.மீ. அந்த 220 தட்டில் அடங்காது. நான்காகப் பிரித்து எடுத்துச் சேர்க்க வேண்டும். கிடைக்கோட்டிலும் செங்குத்துக் கோட்டிலும் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 127 மி.மீ. சதுரத்துக்குள் வந்துவிடும். கத்தி இதழ்களின் உள்ளே காலியாக இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் போகும். அறுபடுவது மைய வட்டமும், நான்கு நேர் இதழ்களின் நுனிகளும், சட்டத்தின் நடுப்பகுதிகளும் மட்டுமே. பட்டைகளும் பொட்டுகளும் தப்பித்துவிடும். இணைப்புக் காதுகளை மேற்புறத்தில் வைத்து எம்3 போல்ட் போடலாம் என்று வரைந்துகொண்டிருக்கிறேன். மைய வட்டத்தில் நான்கு காதுகளுக்கு இடம் போதவில்லை. அங்கே ஒரு மூடி வளையத்தை மேலிருந்து அழுத்திப் பிடிக்கவிடலாமா என்று பார்க்க வேண்டும்.